தாடிக்காரரின் ஏழாம் அத்தியாயம்

கையைத் தூக்கச் சொன்னது தப்பு என்று குடிமையியல் வாத்தியாருக்கு உறைத்தபோது, ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவில் முப்பத்தேழு கைகள் மேலே நின்றன.

"நல்லாக் கேட்டுக்கோங்க," என்றார் அவர். "நாளைக்கு முதல் அத்தியாயத்தை வாசிச்சிட்டு வர முடியாதுன்னு சொல்றவங்க மட்டும்தான் தூக்கணும்."

கைகள் இன்னும் ஒரு சாண் உயர்ந்தன.

"சரி. வாசிச்சிட்டு வரேன்னு சொல்றவங்க?"

முதல் பெஞ்சில் ஒரே ஒரு கை எழுந்தது. வாத்தியார் அந்தப் பையனைப் பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்தார்.

"சார், பாத்ரூம் போகணும்," என்றான் அவன்.

பத்து நிமிடத்துக்கு முன்புதான் அவர் கரும்பலகையில் பெரிதாக எழுதியிருந்தார்: 'யார் மேல் சட்டம் பாய்கிறதோ, அவர்களைக் கேட்காமல் சட்டம் போடக் கூடாது.' எழுதியதோடு நிறுத்தியிருக்கலாம். "அப்ப வீட்டுப்பாடத்தையும் உங்களைக் கேட்டே முடிவு பண்ணலாமா?" என்று ஒரு வேகத்தில் வாயை விட்டுவிட்டார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

இந்த வருடம் பாடத்திட்டம் மாறியிருந்தது. ஜனநாயகம் என்றால் என்ன என்று நாலு வரி மனப்பாடம் செய்தால் போதாது, அதைப் பற்றி ஆதியில் யோசித்த, இதுவரை குறிப்பு வைத்தே நடத்தப்பட்ட மேதை ஒருவரை இனி அவருடைய எழுத்திலேயே படிக்க வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. மேதை செத்துப் பல தலைமுறை ஆகிவிட்டது. பாடப்புத்தகத்தில் இருந்த படத்தில் முகத்தைவிடத் தாடிதான் அதிகம் என்பதால், பிள்ளைகளுக்கு அவர் தாடிக்காரர். முதல் அத்தியாயத்தை மட்டும் பாடப்புத்தகத்தின் பின்னால் சேர்த்திருந்தார்கள். பன்னிரண்டு அத்தியாயமும் உள்ள தடித்த புத்தகம் பள்ளி நூலகத்தில் ஒரே ஒரு பிரதி இருந்தது. கடையில் கேட்டால் வரவழைக்க ஒரு மாதம் ஆகும் என்றார்கள். கைபேசியில் தேடினால், அவர் சொன்னதாக நாலு பொன்மொழி, ரோஜாப்பூப் படத்தோடு வந்தது.

வாத்தியாரிடம் இன்னொரு ரகசியமும் இருந்தது. இருபத்திரண்டு வருடமாகத் தாடிக்காரரை நடத்திக்கொண்டிருந்த அவர், தாடிக்காரரை முழுதாகப் படித்ததே இல்லை. அவருக்கு முன்னால் இருந்த வாத்தியார் ஓய்வு பெறும்போது விட்டுப்போன பதினாறு பக்கக் குறிப்பு ஒன்றுதான் கையிருப்பு. அதில் இரண்டாம் அத்தியாயம் வரைதான் இருந்தது. அதைத் தாண்டி யாராவது கேட்டால், "மீதியை நீங்களே வாசிச்சுப் பாருங்க, அப்பதான் ருசி தெரியும்," என்பார். இருபத்திரண்டு வருடத்தில் ஒருவரும் வாசித்துப் பார்க்கவில்லை. அந்த வகையில் அவருக்கும் மாணவர்களுக்கும் நல்ல ஒற்றுமை.

அன்று காலைதான் தலைமையாசிரியை அவரைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"வெள்ளிக்கிழமை உங்க வகுப்புக்கு இன்ஸ்பெக்டர் வர்றார். இப்பதான் நேர்ல வந்து சொல்லிட்டுப் போறார். மூல நூல்லேர்ந்துதான் கேள்வி கேப்பாராம்."

"கேக்கட்டும் மேடம்."

"புள்ளைங்க முழிச்சா, குடிமையியலை விளையாட்டு சார்கிட்டக் குடுத்துடுவேன். நீங்க மூணாம் வகுப்புக்குக் கையெழுத்துப் பயிற்சிக்குப் போகணும். நோட்டெல்லாம் இப்பவே கோடு போட்டு வெச்சிருக்காங்க."

ஐம்பத்திரண்டு வயதில் 'அ'வுக்குச் சுழி சரியாக வந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்கும் தன் உருவம் அவர் கண்முன் வந்து நின்றது. இடுப்பு அப்போதே வலித்தது.

செவ்வாய்க்கிழமை அவர் ஒரு தீர்மானத்தோடு வகுப்புக்குள் நுழைந்தார்.

"நேத்து எடுத்த ஓட்டு செல்லாது. பெரும்பான்மை சொல்றதெல்லாம் சரின்னு அர்த்தமில்ல. எல்லாரும் வாசிச்சே ஆகணும்."

மூன்றாம் பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். தடித்த கண்ணாடி, எண்ணெய் வைத்து இறுக்கிய பின்னல். எதற்கும் எதிர்க்கேள்வி கேட்பதால் வகுப்பில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். பெயரை வைத்ததே வாத்தியார்தான்.

"சார், அது மூணாவது அத்தியாயத்துக்கு விரோதமா இருக்கே."

"எது?"

"'தோற்ற பிறகு தராசைக் குறை சொல்கிறவன், வென்றிருந்தால் அதே தராசைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடியிருப்பான்.' தாடிக்காரர் சொல்லியிருக்காரே சார். மூணாவது அத்தியாயம், கடைசிப் பத்தி."

மூன்றாம் அத்தியாயம் வாத்தியாருக்குக் கண்காணாத தேசம். 'அப்படி ஒன்றும் இல்லை' என்று சொன்னால், என்னதான் இருக்கிறது என்று கேட்பாள். ஒரு கணம் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார்.

"ஆமா," என்றார். "மூணாவது அத்தியாயம். கடைசிப் பத்தி. நல்ல இடம்."

நுணலும் தன் வாயால் கெடும். அந்த 'ஆமா'வோடு அவர் கெட்டார்.

மணி அடித்ததும் நூலகத்துக்கு ஓடினார். நூலக அம்மா பல் பிடுங்கிக்கொண்டு அந்த வாரம் முழுக்க விடுப்பு. பள்ளி உதவியாளர் சாவியைக் கொண்டுவந்து திறந்துவிட்டார். அலமாரியில் தாடிக்காரர் இருந்த இடத்தில் ஒரு பல் போன ஈறு மாதிரி சந்து தெரிந்தது.

"யார் எடுத்துட்டுப் போனாங்க?"

"தெரியலையே சார். நேத்து கதவைத் திறந்து வெச்சிட்டு நான் மாடியில குழாய் ரிப்பேர் பாத்துட்டு இருந்தேன். இந்தாங்க, நோட்டைப் பாருங்க."

பதிவேட்டில் திங்கள்கிழமைத் தேதி இருந்தது. கையெழுத்து என்ற இடத்தில் புழு ஊர்ந்தது போல ஒரு கிறுக்கல். இவ்வளவு மோசமான கையெழுத்து ஒன்பதாம் வகுப்பு 'பி'யைத் தவிர வேறெங்கும் பிறக்க முடியாது என்று வாத்தியார் நொடியில் முடிவுகட்டினார். அப்படியானால் எடுத்தது பிள்ளைகள்தான். எடுத்ததோடு நிற்காமல் படிக்கவும் செய்கிறார்கள். சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியாமல் இரண்டையும் கலந்து பட்டுக்கொண்டே படியிறங்கினார்.

அன்று பிற்பகல் வக்கீலை வராந்தாவில் மடக்கினார்.

"அந்தப் புஸ்தகம் உங்ககிட்டதானே இருக்கு? ஒரு நாளைக்குக் குடும்மா. ஒரு சின்ன இடம் சரிபாக்கணும்."

அவள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். "எட்டாவது அத்தியாயம் சார். 'குடிமக்கள் என்ன படிக்கிறார்கள் என்று அரசு விசாரிக்கத் தொடங்கும் நாளில், ஜனநாயகம் பெட்டி படுக்கையைக் கட்டிவிடும்.'"

"ஆமா ஆமா, எட்டாவது," என்றபடி வாத்தியார் வந்த வழியே திரும்பினார்.

புதன்கிழமை வேறு உபாயம் செய்தார். முப்பத்தெட்டுப் பேரைச் சமாளிப்பதைவிட ஐந்து பேரைச் சமாளிப்பது சுலபம் என்று கணக்குப் போட்டு, பிரதிநிதிகள் சபை ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். பரபரப்பான தேர்தல். பாத்ரூம் பையன் கூட ஜெயித்தான். வக்கீல் சபைத் தலைவியானாள். வீட்டுப்பாடம் உண்டு என்று சபை பெரிய மனதோடு ஒப்புக்கொண்டது. வாத்தியார் உள்ளுக்குள் கைதட்டிக்கொண்டார்.

"ஆனா அஞ்சாவது அத்தியாயப்படி நீங்களும் எழுதணும் சார்," என்றாள் வக்கீல்.

"நான் எதுக்கும்மா?"

"'தான் விழுங்காத மருந்தை நாட்டுக்கு எழுதிக்கொடுக்க எந்த ஆட்சியாளருக்கும் உரிமை இல்லை.' மறந்துட்டீங்களா சார்?"

"எப்படி மறக்க முடியும்," என்றார் வாத்தியார் பலவீனமாக.

வீட்டில் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு, 'நல்ல குடிமகனின் கடமைகள்' என்று மூன்று பக்கம் எழுத உட்கார்ந்தார். மனைவி தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது, யார் பெஞ்சு மேல ஏத்துனாங்க உங்களை?"

"கிண்டல் பண்ணாத. இது அஞ்சாவது அத்தியாயம்."

"அந்தத் தாடிக்காரர் புஸ்தகமா? நம்ம கல்யாணம் ஆன புதுசுல ரெண்டாவது அத்தியாயம் படிச்சிட்டு இருக்கேன்னு சொன்னீங்க. பையனுக்கே வேலை கிடைச்சிடுச்சு, நீங்க எப்ப மூணாவதுக்குப் போனீங்க?"

அவர் பேனாவை உதறினார். மை இருந்தும் எழுத்து வரவில்லை.

மறுநாள் சபை அவருடைய கட்டுரையைத் திருத்தித் தந்தது. பத்துக்கு நாலு. ஓரத்தில் சிவப்பு மையில், 'உதாரணம் போதாது. கையெழுத்தில் கவனம் தேவை.' கையெழுத்து என்ற சொல்லைப் பார்த்ததும் அவருக்கு மூன்றாம் வகுப்பு ஞாபகம் வந்து, நாற்காலியில் பொத்தென்று உட்காரப் போனார். நாற்காலி இல்லை. அது கடைசி வரிசைக்குப் போயிருந்தது. அதில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

"டேய், என்னடா இது?"

"ஏழாவது அத்தியாயம் சார்," என்றது வகுப்பு, ஒரே குரலில்.

வக்கீல் எழுந்து விளக்கினாள். "'ஆள்பவர் நிற்கட்டும், ஆளப்படுவோர் அமரட்டும். உட்கார்ந்த அதிகாரத்துக்கு எழுந்திருக்க மறந்துபோகும்.' தாடிக்காரர் இதை ரெண்டு தடவை சொல்றார் சார்."

சரியாக அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை ஜன்னலோரமாக வந்தார்.

"சார், உங்க நாற்காலியில அந்தப் பையன் என்ன பண்றான்?"

"ஜனநாயகம் நடந்துட்டு இருக்கு மேடம்."

"நாளைக்கு இன்ஸ்பெக்டர் வரும்போது நாற்காலி முன்னால இருக்கணும். இல்லேன்னா நீங்க மூணாம் வகுப்புல இருப்பீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு அத்தியாயமெல்லாம் கிடையாது.

வாத்தியாருக்கு ஒரு சந்தேகம் தலைதூக்கியது. இந்தப் பெண் உண்மையில் படித்துத்தான் சொல்கிறாளா, அல்லது அளக்கிறாளா? முள்ளை முள்ளால் எடுப்பது என்று துணிந்தார்.

"எல்லாம் சரிம்மா. ஆனா ஒன்பதாவது அத்தியாயத்தை விட்டுட்டியே. 'அறியாதவர் அறிந்தவர் சொல்லுக்குக் கட்டுப்படுவதே நல்லாட்சியின் அஸ்திவாரம்.' அதுக்கு என்ன சொல்றே?"

அந்த வாசகம் அவர் அப்போதுதான் பெற்றுப் பெயரிட்ட குழந்தை. அவள் முழித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று காத்திருந்தார். வக்கீல் ஒரு நொடிகூட முழிக்கவில்லை.

"அதைப் பதினோராவது அத்தியாயத்துல அவரே வாபஸ் வாங்கிட்டாரே சார். 'ஒன்பதாம் அத்தியாயத்தை நான் காய்ச்சலில் எழுதினேன், வாசகர் மன்னிக்க வேண்டும்.'"

தான் கற்பனை செய்தது ஒருவேளை நிஜமாகவே ஒன்பதாம் அத்தியாயத்திலேயே இருந்து தொலைக்கிறதோ என்ற பயம் வாத்தியாரைப் பிடித்துக்கொண்டது. அதற்குமேல் அவரிடம் உபாயம் எதுவும் மிச்சமில்லை. மேஜை விளிம்பில் சாய்ந்தார். குரல் தானாக இறங்கியது.

"இங்க பாருங்கப்பா. நாளைக்கு நீங்க சரியாப் பதில் சொல்லலேன்னா என்னை மூணாம் வகுப்புக்குக் கையெழுத்து சொல்லிக்குடுக்க அனுப்பிடுவாங்க. இந்த வகுப்பை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இதுக்குமேல எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல."

கடைசி வரிசைப் பையன் நாற்காலியிலிருந்து காலை இறக்கினான். சபை உறுப்பினர்கள் ஐவரும் ஒரு மூலையில் தலைகளைச் சேர்த்துக் கிசுகிசுத்தார்கள். பிறகு வக்கீல் முன்னால் வந்து நின்றாள்.

"தீர்மானம் சார். சாரை மூணாம் வகுப்புக்கு விட்டுக்குடுக்கக் கூடாது. ஆதரிக்கிறவங்க கை தூக்கலாம்."

முப்பத்தெட்டுக் கைகள் எழுந்தன. வாத்தியார் எண்ணிப் பார்த்தார். பாத்ரூம் பையனை மட்டும் தனியாகக் கேட்டார், "உனக்கு வெளிய போகணுமா?"

"இல்ல சார். இது ஓட்டு," என்றான் அவன்.

வாத்தியார் திரும்பிக் கரும்பலகையை வெகுநேரம் துடைத்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் மீது அவருக்கு அவ்வளவு அன்பு வந்தது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். பருத்த உடம்பு, புத்தம் புதிய இறுக்கமான காலணி, கையில் கோப்பு. கூட வந்த தலைமையாசிரியை முன்னால் நாற்காலி இல்லாததைப் பார்த்து வாத்தியாரை முறைத்தார். முந்தைய நாள் தீர்மானத்தில் நாற்காலி பற்றி எதுவும் இல்லை. சட்டம் சட்டம்தான் என்று சபை சொல்லிவிட்டது.

"உக்கார எடமில்லையா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

வக்கீல் எழுந்தாள். "மன்னிக்கணும் ஐயா. ஏழாவது அத்தியாயம். ஆள்பவர் நிற்கட்டும், ஆளப்படுவோர் அமரட்டும்."

வாத்தியாரின் மனம் நேராக மூன்றாம் வகுப்புக்குப் போய் வாசலில் நின்றுகொண்டது. இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார், பிறகு மெல்லத் தலையாட்டினார்.

"பேஷ். ஏழாவது அத்தியாயமேதான். காலேஜ்ல எனக்கு இது மனப்பாடம். இந்த வாரம்கூட முதல் பக்கத்துலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் ஒருதரம் வாசிச்சேன்."

வக்கீலின் வாய் பிளந்தது. மூடவே இல்லை. பெரிய படிப்பாளியைக் கண்ட பக்தி என்று வாத்தியார் நினைத்துக்கொண்டார். அவருக்கும் மூச்சு வந்தது. அப்படியானால் எல்லாம் நிஜம். பிள்ளைகள் ஒரு வரி பிசகாமல் படித்திருக்கிறார்கள். இத்தனை நல்ல பிள்ளைகளையா சந்தேகப்பட்டோம் என்று வெட்கமாக இருந்தது.

"பெரும்பான்மையைப் பத்தி என்ன சொல்றார்?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

பாத்ரூம் பையன் தராசைச் சொன்னான். இன்னொருத்தி மருந்தைச் சொன்னாள். வக்கீல் வாயை ஒருவழியாக மூடிக்கொண்டு பெட்டி படுக்கையைச் சொன்னாள்.

"அபாரம். நான் வாசிச்ச பதிப்புல 'மூட்டை முடிச்சு'ன்னு இருக்கும். கருத்து ஒண்ணுதான்," என்றார் இன்ஸ்பெக்டர், வலதுகாலிலிருந்து இடதுகாலுக்கு மாறியபடி. "அந்த ஒன்பதாவது அத்தியாயத்தை ஏன் வாபஸ் வாங்கினார், யாராவது சொல்லுங்க?" என்று தலைமையாசிரியையே கேட்கும் அளவுக்குப் போய்விட்டது. வாத்தியார் காலையில் அவருக்குச் சொல்லிவைத்திருந்தார்.

"காய்ச்சல்," என்றது முழு வகுப்பும்.

"காய்ச்சலேதான்," என்றார் இன்ஸ்பெக்டர்.

நாற்பது நிமிடம் அந்தக் காலணியோடு நின்றபடியே கேட்டார். போகும்போது கோப்பில் எழுதியதைத் தலைமையாசிரியை உரக்கப் படித்தார்: 'மூல நூலில் இத்தனை ஆழ்ந்த பயிற்சியை வேறு எந்தப் பள்ளியிலும் கண்டதில்லை. இவ்வாசிரியரை இந்த வகுப்பிலிருந்து மாற்றவே கூடாது.' தலைமையாசிரியை வாத்தியாரைப் பார்த்து, வேலைக்குச் சேர்ந்த நாளுக்குப் பிறகு முதல் முறையாகச் சிரித்தார்.

அவர்கள் போனதும் வாத்தியார் கதவைச் சாத்திவிட்டுப் பிள்ளைகள் முன்னால் வந்து நின்றார்.

"உங்ககிட்ட ஒண்ணு ஒத்துக்கணும். இருபத்திரண்டு வருஷமா நான் அந்தப் புஸ்தகத்துல ரெண்டாவது அத்தியாயத்தைத் தாண்டினதே இல்ல. நீங்க சொன்னதுக்கெல்லாம் தெரிஞ்ச மாதிரி தலையாட்டினேன். நாலே நாள்ல நீங்க முழுசாப் படிச்சிட்டீங்க. எனக்கு வெக்கமா இருக்கு, பெருமையாவும் இருக்கு."

வக்கீல் தன் பின்னல் நுனியைப் பிரித்துப் பிரித்துப் பின்னினாள்.

"இன்னைக்கே வாசிக்க ஆரம்பிக்கப் போறேன். புஸ்தகத்தைக் குடும்மா."

"சார்," என்று எழுந்தாள் அவள். "அது வந்து சார்..."

அதற்குள் கதவு திறந்தது. பழுப்புக் காகிதம் சுற்றிச் சணல் கட்டிய தடித்த பொட்டலம் ஒன்றோடு பள்ளி உதவியாளர் உள்ளே வந்து, அதை மேஜைமேல் வைத்தார்.

"சார், இதை லைப்ரரியில சேக்கச் சொல்லி இன்ஸ்பெக்டர் ஐயாவோட டிரைவர் குடுத்துட்டுப் போறாரு, திங்கக்கிழமை ஐயா இங்கேர்ந்து எடுத்துட்டுப் போன தாடிக்காரர் புஸ்தகமாம், கட்டைப் பிரிக்கக்கூட நேரம் கிடைக்கலையாம்."